கல்முனை பதில் சொல்லவில்லை

புயல் கரையை நெருங்குவதாக வானொலி சொல்லிக்கொண்டிருந்தது. மட்டக்களப்பில் படிப்பிக்கும் மகளின் விடுதிக்குத் தொலைபேசி எடுத்தேன். மணி அடித்தது. பிறகு அதுவும் நின்று, வெறும் இரைச்சல் கேட்டது.

அந்த இரைச்சல் என்னைப் பதுளைத் தபால் கந்தோருக்குக் கொண்டுபோனது. ஐம்பதுகளில் அப்பா அங்கே தந்தி அடிப்பவர். அன்றும் கிழக்கே புயல். அம்மா கல்முனையில், பெரியம்மா வீட்டில் இருந்தார். அப்பா தந்திக் கருவியைத் தட்டிக் கரையோரக் கந்தோர்களை ஒவ்வொன்றாக அழைத்தார். எது பதில் தரவில்லையோ, அங்கே புயல் வந்துவிட்டது என்று பொருள். முதலில் பொத்துவில் அடங்கியது. பிறகு அக்கரைப்பற்று.

அண்ணன் முறையில் எல்லோரும் ‘நானா’ என்று அழைக்கும் கடைவீதிக் கருவாட்டு வியாபாரி ஈரக் குடையோடு நுழைந்தார். அவருடைய பிள்ளைகளும் கல்முனையில்தான்.

“மாஸ்டர், கல்முனை பேசுதா?”

அப்பா மறுபடி தட்டினார். கருவி அசையவில்லை.

“கம்பிதான் அறுந்திட்டுது, நானா. ஆக்களுக்கு ஒண்டுமில்லை.”

அவர் நம்பி வாங்குப் பலகையில் உட்கார்ந்தார். அப்பாவின் பக்கத்தில் நின்ற நானும் நம்பினேன். சில நாள் கழித்து அம்மா மீன் லொறியில் வந்து இறங்கினார்.

இப்போது மனைவி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“கம்பிதான் அறுந்திருக்கும்” என்றேன்.

“உங்களுக்கு எப்பிடித் தெரியும்?”

அன்று அப்பாவிடம் யாரும் இதைக் கேட்கவில்லை. நான் மறுபடியும் எண்ணைச் சுழற்றினேன்.