பூமணி கிழித்த பக்கம்

ஒஸ்லோவின் எல்லிங்ஸ்ருட்டில் எங்கள் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் இருக்கும் பூமணியைப் பற்றி யாராவது எழுதியிருக்க வேண்டும். படித்தவர்கள் எழுதவில்லை. ஆகவே நான் எழுதுகிறேன். நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஆனாலும் குறொன்லாண்ட் கடைத்தெருவில் என் கடைப் பலகையில் ‘ஜெயரத்தினம்’ என்று தெருவின் அந்தக் கோடியிலிருந்து வாசிக்கலாம். ஒருவரிடமும் கைநீட்டாமல் எழுப்பிய கடை. அப்படிப்பட்ட என் பெயரும் எந்தப் புத்தகத்திலும் இல்லை. பூமணியின் பெயர் இருக்கிறது.

பூமணி புருசனை ஊரிலேயே இழந்தவள். கைக்குழந்தை துஷ்யாவோடு இங்கே வந்து, வயோதிபர் இல்லமொன்றின் சலவைப் பகுதியில் சேர்ந்தாள். விரிப்புகளின் ஒரு முனையை இவள் பிடித்தால் மறுமுனையை மிச்சிக்கோ பிடிப்பாள். மிச்சிக்கோ யப்பான்காரி. நோர்வேக்காரர் ஒருவரைக் கட்டி வந்து, அவரும் போய்ச் சேர்ந்தபின் தனியே இருந்தவள். இருவருக்கும் நொஸ்க் என்ற நோர்வே பாஷை அரைகுறை. ஆனாலும் வேலை முடிந்து ரயிலடிக்குப் போகும்வரை கதை ஓயாது. அவர்கள் நொஸ்கில் பேசியதை நான் எங்கள் பேச்சிலேயே எழுதுகிறேன்.

ஓய்வூதியம் எடுத்த பிறகு மிச்சிக்கோ சிறுபிள்ளைகளுக்கு ஒரு படப் புத்தகம் செய்தாள். ஒரே கட்டடத்தில் மேலும் கீழும் இரண்டு சிறுமிகள். ஒருத்தி பேசுவது மற்றவளுக்கு விளங்காது. மேலே இருப்பவள் காகிதத்தில் கொக்கு மடித்து, நூலில் கட்டிக் கீழ்ப் பல்கனிக்கு இறக்குகிறாள். கீழே இருப்பவள் வேறொன்று மடித்து அதே நூலில் அனுப்புகிறாள். கதை அவ்வளவுதான். கடைசியில் சதுரமான வண்ணத் தாள்கள், ஓரத்தில் புள்ளிக்கோடு. கிழி, மடி, உன் சிநேகிதிக்குக் கொடு என்று எழுதியிருக்கிறது. முதற் பக்கத்தில் ‘பூமணிக்கு’ என்று அச்சடித்திருக்கிறது.

புத்தகம் கைக்கு வந்த அன்றே பூமணி என்னிடம் ஓடிவந்தாள். நான்தான் உறை போட்டுக் கொடுத்தேன். உறை போடுவதில் என்னை வெல்ல ஒஸ்லோவில் ஆளில்லை. அதைச் சாமித்தட்டில் வைத்து, தினமும் எடுத்துப் பார்த்துவிட்டு அங்கேயே வைத்துவிடுவாள்.

நவராத்திரிக்கு மிச்சிக்கோ வந்தாள். சரஸ்வதி பூசைக்கு அடுக்கிய புத்தகங்களின் மேலே தன் புத்தகம், சந்தனப் பொட்டோடு இருந்ததைக் கண்டாள். எடுத்து, கடைசிப் பக்கங்களைத் திருப்பினாள்.

“ஒண்டையும் நீ கிழிக்கேல்லையா?”

“இல்லை. புதுசு மாதிரியே வச்சிருக்கிறன்,” என்றாள் பூமணி பெருமையாக.

மிச்சிக்கோ தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு, ரயிலுக்கு நேரமாகிறது என்று போய்விட்டாள். அதன்பிறகு தொலைபேசி எடுத்தால் பதிலில்லை.

துஷ்யாதான் தாய்க்கு விளக்கினாள். நானும் அப்போது இருந்தேன்.

“அம்மா, அது கிழிக்கிறதுக்கெண்டே செய்த புத்தகம். உங்களிட்டை இருந்து ஏதாவது ஒரு மடிப்பு வரும் எண்டு அவ பாத்துக்கொண்டு இருந்திருப்பா. வந்து பாத்தால் கண்ணாடிப் பெட்டிக்குள்ளை வச்ச மாதிரி இருக்கு.”

“என்ரை பேர் போட்ட புத்தகமடி. அதைக் கிழிக்கச் சொல்லுறியோ?”

“பேர் இருக்கிற பக்கத்தையே கிழிக்கச் சொன்னனான்?”

“ஒரு பக்கம் போனாலும் புத்தகம் மூளிதானே.”

எனக்கு உடனே வழி தெரிந்தது. எனக்கு எப்போதும் அப்படித்தான். “கடையிலை இன்னொண்டு வாங்கு பூமணி. அதைக் கிழி. இது பத்திரமாய் இருக்கட்டும்.”

பூமணி புத்தகத்தைக் கையில் எடுத்தாள். “இல்லை அண்ணை. அவள் எனக்குத் தந்தது இதைத்தான்.”

முப்பது வருசம் வியாபாரம் செய்தவன் நான். ஒரு பொருளைப் போலவே இன்னொரு பொருள் இருக்கும் என்று நம்பித்தானே கடை நடத்துகிறோம்.

விஜயதசமி கழிந்த மறுநாள் என்னைக் கூப்பிட்டாள். நான் உறையைக் கழற்றினேன். அவள் புத்தகத்தைக் கண்ணில் ஒற்றி, பச்சைத் தாளைப் பிடித்து, கண்ணை இறுக மூடிக்கொண்டு இழுத்தாள். தாள் புள்ளிக்கோட்டில் நிற்கவில்லை. பக்கத்தில் இருந்த கதைப் படத்தின் பாதிப் பல்கனியையும் பிய்த்துக்கொண்டு வந்தது. பூமணி மேசையடியில் இருந்துகொண்டு, புத்தகத்தில் போட்டிருந்த மடிப்புப் படங்களைப் பார்த்துப் பார்த்து மடித்தாள்.

“இது கொக்கோ, கோழியோ?” என்று கேட்டேன்.

“நீங்கள் வாயை வச்சுக்கொண்டு சும்மா இருங்கோ அண்ணை.”

என் கடை வான் வண்டியிலேயே மிச்சிக்கோ வீட்டுக்குக் கூட்டிப்போனேன். மிச்சிக்கோ கதவைப் பாதி திறந்தாள். பூமணி கொக்கை நீட்டினாள். மிச்சிக்கோவின் கண் அதன் செட்டையில் ஒட்டியிருந்த பல்கனித் துண்டிலேயே நின்றது.

“படமும் கிழிஞ்சு போச்சா?”

“ஓம். கண்ணை மூடிக்கொண்டு கிழிச்சனான்.”

“ஏன்?”

“என்ரை பேர் அச்சிலை வந்தது இதிலை மட்டுந்தான்.”

மிச்சிக்கோ கொக்கை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்றாள். “உனக்குப் பிடிக்கேல்லை எண்டு நினைச்சன். ஒருக்காலும் வாசிக்கேல்லை எண்டு நினைச்சன்.”

“ஒவ்வொரு நாளும் வாசிச்சனான். கிழிக்கத்தான் மனம் வரேல்லை.”

படித்தவர்கள் இதைவிட நீளமாகச் சமாதானம் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். பாதிக்கு மேல் நிலைக்கவில்லை.

மிச்சிக்கோ பூமணியின் கக்கத்தில் இருந்த புத்தகத்தைப் பார்த்தாள். “அப்ப அடுத்த தாளை நான் கிழிக்கட்டே? உனக்கு ஒண்டு மடிச்சுத் தாறன்.”

பூமணி புத்தகத்தை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

“இண்டைக்கு ஒண்டு போதும்,” என்றாள்.

மிச்சிக்கோவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கதவை முழுதாகத் திறந்து, எங்கள் இருவரையும் சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே வரச் சொன்னாள்.