என் காணிப் பக்கம் நகர்ந்து வந்த தடி

இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டு. சண்டை நின்று, சமாதானம் என்று சொல்லிப் பாதை திறந்திருந்த காலம். இடம்பெயர்ந்து போய்த் திரும்பி வந்து நாங்கள் புளியங்கூடலில் இருந்தோம். வேலிக்கு நட்ட கதியால் தடி ஒன்றுகூட மிஞ்சவில்லை. காணி உறுதிப் பத்திரமும் ஓட்டத்தில் தொலைந்து போயிற்று. அந்த ஆறு பரப்புக் காணியைத்தான் மகளுக்குச் சீதனமாகப் பேசியிருந்தோம். அதை விட்டால் கொடுக்க வேறொன்றும் இல்லை.

பக்கத்துக் காணிக்காரரின் மகன் அப்போது லண்டனில் இருந்து வந்து நின்றார். ஐம்பது வயது இருக்கும். தினமும் விடிய, தங்கள் வெறுங்காணியின் அந்தக் கடைசித் தொங்கலில் நுனி வளைந்த இரும்புத் தடியோடு நிற்பார். அதை மெல்ல வீசுவார். பிறகு காலடியை எண்ணி எண்ணி நடந்து வந்து, ஓரிடத்தில் சிவப்புத் துணி கட்டிய தடி ஒன்றை நட்டுவிட்டுப் போவார்.

முதல் நாள் தடி எங்கோ தூரத்தில் நின்றது. அடுத்த நாள் பத்தடி கிட்ட. அதற்கடுத்த நாள் இன்னும் கிட்ட. கதியால் மாற்றுகிற சாட்டில் ஒரு முழம் தள்ளி நடுகிறது எங்கள் ஊரில் புதினமில்லை. இவர் அளந்து அளந்து என் காணிக்கு வருகிறார், உறுதி இல்லை என்பது எப்படியோ தெரிந்துவிட்டது என்று நினைத்தேன்.

நேரே கேட்டிருக்கலாம். ஆனால் நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள், வெளி ஆம்பிளையளோடு கதைத்துப் பழக்கமில்லை. அவர் இரண்டு தரம் என் வாசலுக்கு வந்தார். இரண்டு தரமும் கதவைச் சாத்திவிட்டு மூச்சுக் காட்டாமல் இருந்தேன். அவர் போன பிறகு தடிகளைப் பிடுங்கி வந்து குசினியில் அடுப்பில் வைத்தேன். அவர் மறுநாளும் நட்டார். நானும் பிடுங்கினேன்.

ஒரு நாள் பார்த்தால் தடி என் காணிக்குள்ளேயே நிற்கிறது. ஊர் நிர்வாகம் பார்க்கிற விதானையாரிடம் போனேன். வழியில் இரண்டு தரம் வெட்கப்பட்டுத் திரும்பி, மகளின் முகம் நினைவு வர மறுபடி நடந்தேன்.

விதானையார் சைக்கிளில் வந்து, ஆரைக் கேட்டுக் காணி அளக்கிறீர் என்று அவரைப் பிடித்தார்.

"காணி அளக்கேல்லை ஐயா. என்ர கையைத்தான் அளக்கிறன்."

சேட்டுக் கழுத்தை விலக்கித் தோளைக் காட்டினார். தழும்பு. தசைநார் அறுந்து ஒப்பரேசன் செய்ததாம். ஏழு மாதம் கை தூக்க ஏலாமல் இருந்தவராம். கோல்ஃப் என்று ஒரு விளையாட்டு, கொழும்பில் பெரிய ஆட்கள் புல்லில் சின்னப் பந்தை அடிக்கிறது என்று விதானையார் எனக்கு விளங்கப்படுத்தினார். மெல்ல மெல்லத் திரும்ப விளையாடலாம் என்று டொக்டர் விட்டிருக்கிறார். பந்து விழுகிற இடத்தில் தடி நட்டு, கை எவ்வளவு தேறியது என்று பார்த்திருக்கிறார். என் வாசலில் இருந்து அந்தப் பந்து ஒரு நாளும் என் கண்ணில் படவில்லை.

"ஆனா ஆரோ தடியளைப் பிடுங்கினம்" என்றார்.

நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு, "நான்தான் தம்பி. அடுப்பில வைச்சிட்டன்" என்றேன்.

"தேத்தண்ணி நல்லாக் கொதிச்சதோ அக்கா?"

விதானையாருக்குச் சிரிப்பு அடங்கவில்லை. எனக்கோ சந்தேகம் தீரவில்லை. எல்லையைப் பற்றி இன்னும் ஒரு சொல் வரவில்லையே. அப்போதுதான் அவர் சொன்னார்:

"எல்லை எது எண்டு கேக்கத்தான் ரெண்டு தரம் வந்தனான். நீங்கள் கதவைச் சாத்திப் போட்டியள். நான் பதினேழு வயதில ஊரை விட்டு வெளிக்கிட்டனான், எனக்கு ஒண்டும் தெரியாது. நீங்கள் காட்டுங்கோ அக்கா, அதில கையெழுத்து வைக்கிறன்."

விதானையார் எல்லையை எழுதிவைக்கக் கடதாசி எடுத்தார். நான் முன்னுக்கு நடந்தேன். தறித்த பூவரசின் அடிக்கட்டை மண்ணுக்குள் இருப்பது எனக்கு மட்டும்தான் தெரியும். அதுதான் எல்லை. அதன்மேல் வந்து நின்றேன். நின்ற கால் தன்பாட்டில் ஒரு அடி அவர் பக்கம் எடுத்து வைத்தது. விதானையார் கடதாசியில் பேனையை வைத்தார். நான் எங்கே நின்றாலும் சரி என்றுதான் லண்டனில் இருந்து வந்த அந்த மனிதர் நின்றார்.

காலைப் பின்னுக்கு எடுத்தேன். "இதுதான் தம்பி" என்றேன். அவர் கையெழுத்து வைத்தார்.

மகள் இப்போது அந்தக் காணியில் வீடு கட்டி இருக்கிறாள். இன்றைக்கும் ஆராவது புதிதாக வேலியோரம் நடந்தால் என் கண் அவர்களின் காலுக்குத்தான் போகிறது; ஆனால் அன்றைக்கு எல்லை தாண்டிய கால் என்னுடையது என்ற நினைவும் கூடவே வந்துவிடுவதால், கதவைச் சாத்தாமல் வெளியே போய் என்ன விசயம் என்று கேட்கப் பழகிக்கொண்டேன்.