காலி வண்டியும் ஜிப்பக்காவும்

எங்கள் கட்டடத்தில் அவளுடைய சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது என்றே சொல்லிவிடலாம். எல்லோருக்கும் அவள் ஜிப்பக்காதான். இரண்டாம் மாடியில் தெருப்பக்கத்து ஜன்னலை ஒட்டி மிஷினைப் போட்டுக்கொண்டு, பேண்டுக்கு ஜிப் மாற்றுவாள், நீளம் குறைப்பாள், பெருத்தவர்களுக்கு இடுப்பு விட்டுக் கொடுப்பாள். "இதுக்கு மேல விடத் துணி இல்ல. இனி நீங்கதான் சோத்தை விடணும்" என்று சிரிக்காமல் சொல்லுவாள். நான் அதை இரண்டு முறை கேட்டிருக்கிறேன்.

கல்யாணப் பேச்சு தட்டிக்கொண்டே போய், ஒரு கட்டத்தில் பேச்சே நின்றுவிட்டது. அதில் அவளுக்குப் பெரிய வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. தம்பியும் தம்பி மனைவியும் அவளோடு அதே வீட்டில்தான் இருந்தார்கள். நாற்பது வயது தாண்டும்வரை அவள் படி இறங்கினால் அதற்கு ஒரு காரணம் இருக்கும். நூல் தீர்ந்திருக்கும், இல்லையென்றால் பால் தீர்ந்திருக்கும். வாங்கினதும் சுவரில் அடித்த பந்து மாதிரி திரும்பிவிடுவாள்.

தம்பிக்குப் பெண் குழந்தை பிறந்தது. சில மாதம் கழித்து ஒரு பெரிய அட்டைப்பெட்டி வந்தது. தம்பி தரையில் உட்கார்ந்து சக்கரங்களை மாட்டிக்கொண்டே, "ஸ்ட்ரோலர் வந்தாச்சு!" என்றான்.

"பிராம்னு சொல்லுங்க" என்றாள் அவன் மனைவி.

"பிராம்னா படுக்க வைக்கிறது. இது உட்கார வைக்கிறது."

"வாயில நுழையற மாதிரி தள்ளுவண்டின்னு சொன்னா என்ன?" என்றாள் ஜிப்பக்கா.

"அக்கா! அதுல தக்காளி விப்பாங்க. என் பொண்ணைக் கூறு கட்டி விக்கப் போறியா?"

"சரி, நடைவண்டி."

"அது குழந்தை பிடிச்சுக்கிட்டு நடக்கப் பழகுறது."

"அப்போ குழந்தைவண்டி."

"குழந்தையே ஓட்டிட்டுப் போற மாதிரி இருக்கு, அண்ணி" என்று தம்பி மனைவி சிரித்தாள்.

தம்பிக்கு வேறொன்று நினைவுக்கு வந்தது. "இங்கிலீஷ்ல சும்மா காலாற நடக்கிற ஆளுக்கும் ஸ்ட்ரோலர்னுதான் பேரு, தெரியுமாக்கா?"

"வேலையில்லாம நடக்கிறவனுக்குத் தனியா ஒரு பேரா?"

"ஏன், நம்மகிட்ட இல்லையா? ஊர்சுத்தி. தெரு அளக்கிறவன். கால்ல சக்கரம் கட்டினவன்."

"அதெல்லாம் பேராடா? திட்டு."

கடைசியில் வீட்டில் அது வெறும் 'வண்டி' ஆனது.

தம்பி மனைவி லீவு முடிந்து ஆபீசுக்குத் திரும்பினதும், குழந்தை பகலெல்லாம் ஜிப்பக்கா பொறுப்பு. மத்தியானம் ஆனால் அது வீட்டைக் கூரையோடு பிய்த்துவிடும். தூக்கினாலும் அழும், போட்டாலும் அழும். வண்டியில் வைத்துச் சக்கரம் உருண்டால் மட்டும் கப்சிப். நிறுத்தினால் மறுபடியும் ஆரம்பம். வேறு வழியில்லாமல் ஜிப்பக்கா கீழே இறங்கினாள்.

முதலில் கட்டடத்தைச் சுற்றினாள். பிறகு பேக்கரி வரை. பிறகு கால்வாய்ப் பாலத்தைத் தாண்டி அந்தப் பக்கம். குழந்தை தூங்கிய பிறகும் அவள் திரும்பவில்லை. ஆரம்பத்தில் எதிரே வருகிறவர்களின் பிரிந்த தையலும் தொங்குகிற ஓரமும்தான் கண்ணில் பட்டன. போகப்போக அவை மறைந்து மனிதர்களே தெரிந்தார்கள். ஒரு வீட்டு மாடியில் ஒருவர் தினமும் தப்பாகவே குழல் வாசிப்பார். அச்சகத்து வாசலில் மை வாசனை மூக்கைத் துளைக்கும். மர நிழலும் வெயிலும் மாறிமாறி முதுகில் விழும். அது அவளுக்குப் பிடித்திருந்தது. ஏன் என்று யாராவது கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது. நல்லவேளை, யாரும் கேட்கவில்லை. 'குழந்தைக்குக் காத்து வாங்க வந்திருக்கா' என்று ஊரே நினைத்துக்கொண்டது.

குழந்தை வளர்ந்து, நடந்து, வண்டியைக் கண்டாலே காலை உதைத்து, பாலர் பள்ளிக்கும் போய்விட்டது. வண்டி மடங்கிக் கதவுக்குப் பின்னால் நின்றது. ஜிப்பக்காவுக்கு மத்தியானம் வந்தால் இருப்புக் கொள்ளவில்லை. ஊசி விரலில் ஏறியது. ஒருநாள் தனியாக இறங்கினாள். வாசலில் வாட்ச்மேன், "எங்கக்கா கிளம்பிட்டீங்க?" என்றார்.

"நூல் வாங்க" என்று வாயில் வந்துவிட்டது. சொன்ன பொய்க்கு நேர்மையாகப் போய் நூலும் வாங்கி வந்தாள். மறுநாளும் அதே கேள்வி, அதே நூல். எந்தத் துணிக்கும் பொருந்தாத ஊதாவும் மஞ்சளுமாக டிராயர் நிறைந்து மூட மறுத்தபோது, ஜிப்பக்கா ஒரு முடிவுக்கு வந்தாள். கதவுக்குப் பின்னாலிருந்த வண்டியை விரித்து, மூடியைக் கீழே இழுத்துவிட்டு, உள்ளே ஒரு சால்வையைச் சுருட்டி வைத்துக்கொண்டு கிளம்பினாள்.

வாட்ச்மேன் ஒன்றும் கேட்காமல் கேட்டைத் திறந்துவிட்டார்.

சில நாள் ஜோராகப் போனது. ஒருநாள் பாலத்து முனையில் பேக்கரிக்காரம்மா எதிரே வந்தாள். "பாப்பாவைப் பார்த்து எவ்வளவு நாளாச்சு!" என்று குனிந்து, ஜிப்பக்கா தடுப்பதற்குள் சால்வையை விலக்கிவிட்டாள்.

"ஐயையோ! குழந்தையைக் காணோம்!"

அவள் குரல் எட்டூருக்குக் கேட்கும். வந்துகொண்டிருந்த பஸ் நின்றது. டிரைவர் இறங்கிச் சக்கரத்துக்கு அடியில் பார்த்தார். நாலு பேர் வந்த வழியே திரும்பி ஓடினார்கள். கடிகாரம் ரிப்பேர் செய்கிறவர் கடையை அப்படியே போட்டுவிட்டு வந்து, சட்டையைக் கழற்றப் பொறுமையில்லாமல் இழுத்து, கால்வாய்ச் சுவரில் ஏறி நின்றுகொண்டு, "எந்தப் பக்கம் விழுந்துச்சு?" என்று கத்தினார்.

"குதிக்காதீங்க!" என்று ஜிப்பக்கா அலறினாள். "குழந்தை பள்ளிக்கூடத்துல இருக்கு!"

டிரைவர் நிமிர்ந்து காலி வண்டியைப் பார்த்தார்.

"அப்போ இதுல?" என்றார் டிரைவர்.

"யாரும் இல்ல."

"பின்ன எதுக்குத் தள்றீங்க?"

ஜிப்பக்காவுக்கு முகமெல்லாம் சூடேறியது. "சும்மா நடக்கணும்னு ஆசை. வெறுங்கையோட போனா எல்லாரும் எங்க போறேன்னு கேக்கறாங்க. என்ன சொல்றதுன்னு தெரியல."

டிரைவர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு அவளைப் பார்த்தார். பிறகு வெடித்துச் சிரித்தார். "நாங்க எல்லாரையும்தாங்க கேப்போம். அது என்ன போலீஸ் விசாரணையா? பதிலை யாரு காதுல வாங்குறா!"

பஸ்ஸுக்குள்ளேயும் சிரிப்புப் பரவியது. கடிகாரக்காரர் மட்டும் சுவரிலிருந்து இறங்கிச் சட்டையைக் கையால் பிடித்துக்கொண்டு நின்றார். அவசரத்தில் பட்டன்கள் தெறித்திருந்தன. ஜிப்பக்கா தன் சேலைத் தலைப்பில் எப்போதும் நூல் கோத்துக் குத்தி வைத்திருக்கும் ஊசியை எடுத்தாள். பேக்கரிக்காரம்மா தரையில் தேடிப் பட்டன்களைப் பொறுக்கித் தந்தாள். பாலத்துக் கட்டையில் அவரை உட்கார வைத்து, ஜிப்பக்கா அங்கேயே தைத்து முடித்தாள்.

அவள் வீடு வந்து சேருவதற்குள் செய்தி வந்துவிட்டது. தம்பி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அவன் மனைவி சிரிக்கவில்லை. ராத்திரிச் சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவும்போது, "அண்ணி, லீவு நாள்ல என்னையும் கூட்டிட்டுப் போறீங்களா? ஆபீஸ், வீடு, ஆபீஸ், வீடு. நடுவுல என்ன இருக்குன்னே எனக்குத் தெரியல" என்றாள்.

"அந்தக் குழல்காரர் வாசிக்கிறதைக் கேக்கணும் நீ. காதுல ஈயம் காய்ச்சி ஊத்தின மாதிரி இருக்கும்" என்றாள் ஜிப்பக்கா சந்தோஷமாக.

வண்டியைத் தரைத்தளத்தில் புதிதாகக் குழந்தை பெற்றவர்களுக்குக் கொடுத்துவிட்டார்கள். இப்போது மத்தியானத்தில் அவள் வீட்டுக் கதவு பூட்டியிருக்கும். போன வாரம் நானும் ஒரு பேண்டோடு படியில் காத்து உட்கார்ந்திருந்தேன். வெயிலில் சிவந்து, வேர்த்து, செருப்பெல்லாம் செம்மண்ணோடு வந்தாள். வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு என் கால் நீளத்தை அளந்தபடியே சொன்னாள்: "பஸ் டிப்போவுக்குப் பின்னாடி புதுசா ஒரு சந்து திறந்திருக்காங்க. பாதி தூரம்தான் போனேன். அந்தப் பக்கம் என்னன்னு நாளைக்குப் பார்க்கணும்."