இருட்டுப் பெட்டியும் என் டார்ச்சும்

2009ஆம் ஆண்டு. புதுச்சேரி லாஸ்பேட்டையில் ஒரு கல்லூரி ஆய்வுக்கூடத்தில் தற்காலிகத் துப்புரவு வேலை எனக்கு. எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள். கேஸை மூடினோமா என்று பார்க்க, பஸ் ஸ்டாப்பிலிருந்து வீட்டுக்குத் திரும்பி ஓடுகிற ரகம்.

அங்கே ஆராய்ச்சி செய்த பெண், நூல் துணுக்கு மாதிரியான பொடிப் புழுக்களை வளர்த்தாள். பாசியில் இருக்கிற நுண்ணிய கதவு ஒன்றை அந்தப் புழுக்களின் தொடு நரம்பில் வைத்திருக்கிறார்களாம். நீல வெளிச்சம் பட்டால் கதவு திறக்கும்; யாரும் தொடாமலே, தொட்டதுபோல் புழு பின்வாங்கும். அந்தக் கதவு வேலை செய்ய இரையில் ஒரு மருந்தைக் கலந்து, புழுத் தட்டுகளை அலுமினியத் தாள் சுற்றிய பெட்டிக்குள் வைத்துவிட்டு, "தொடாதீங்கக்கா" என்றாள்.

நான் தொடவில்லை. பார்த்தேன். எறும்பு ஏறியிருக்குமோ, கரண்ட் போனதில் வெந்திருக்குமோ என்று தினமும் நாலைந்து முறை திறந்து டார்ச் அடித்தேன்.

மூன்று முறை சோதனை தோற்றது. நீல விளக்கைப் போட்டாலும் புழுக்கள் தம் பாட்டுக்கு ஊர்ந்தன.

"அடுத்த வாட்டியும் வரலன்னா எங்க கைடு சாரு ஆராய்ச்சித் தலைப்பையே மாத்திடுவாருக்கா. ரெண்டு வருஷ உழைப்பு" என்று அழுதாள். "வெளிச்சம் பட்டா மருந்து கெட்டுடும். நான்தான் மூடி வெக்கிறேனே!"

சொன்னால் என் வேலை போகும். சொல்லாவிட்டால் அவள் படிப்பு போகும். சொல்லிவிட்டேன்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். "டார்ச்சா? அட போக்கா! ஒரு வாரமா மருந்து அனுப்புனவன திட்டிட்டு இருக்கேன்!"

என்னை விரட்டவில்லை. மருந்து கலக்காத தட்டு ஒன்றைக் கையில் கொடுத்தாள். ஒப்பிட்டுப் பார்க்க அப்படி ஒன்று எப்படியும் வேண்டுமாம். "இது உங்களுது. எத்தினி வாட்டி வேணா பாத்துக்கங்க. பெட்டி பக்கம் மட்டும் வராதீங்க."

பெட்டியைக் கடக்கும்போதெல்லாம் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தேன்.

சார் வந்தார். விளக்கு எரிந்தது. கம்ப்யூட்டர் திரையில் என் தட்டுப் புழுக்கள் சட்டைகூடச் செய்யவில்லை. பெட்டிக்குள் இருந்தவையோ, ஒவ்வொன்றாக விருட்டென்று பின்னால் போயின! "இன்னொரு வாட்டி போடும்மா" என்று சாரை முந்திக்கொண்டு நானே கத்திவிட்டேன்.

இப்போது என் மகள் வெளியூரில் வேலை பார்க்கிறாள். சாப்பிட்டாயா, கதவைப் பூட்டினாயா என்று பத்து முறை கேட்கத் துடித்தாலும், நாளுக்கு ஒரு போனோடு நிறுத்திக்கொள்கிறேன். நாம் எட்டிப் பார்க்காத நேரத்திலும் உயிர்கள் நன்றாகத்தான் இருக்கின்றன என்பதை அந்தப் பொடிப் புழுக்களிடம்தான் கற்றுக்கொண்டேன்.