கால் முன்னே வந்தவள்

கருங்குழியில் ஒன்பது வயதிலேயே எனக்கு ஒரு தொழில் இருந்தது: பெரியவர்களை உதைப்பது. நான் கால் முன்னே வந்து பிறந்தவள். அப்படிப் பிறந்தவர்கள் முதுகில் மூன்று முறை உதைத்தால் பிடிப்பு விட்டுவிடும் என்று ஊரில் நம்பிக்கை. மூட்டை தூக்குகிறவர்கள் முதல் கணக்கு வாத்தியார் வரை எங்கள் வாசலில் வந்து முதுகைக் காட்டுவார்கள். "நல்லா வுடு பாப்பா, மூச்சு வுட முடியல" என்பார்கள். வாத்தியாருக்கு மட்டும் கொஞ்சம் பலமாகவே விடுவேன். அந்த நேரங்களில் அம்மா ஏனோ எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள்.

அம்மா மறுபடி உண்டானாள். ஒன்பதாம் மாத ஸ்கேனில் இந்தக் குழந்தைக்கும் தலை மேலே இருப்பது தெரிந்தது. அத்தைக்குக் குஷி. "இன்னாத்துக்கு அண்ணி அழுவுற? வூட்டுல ரெண்டு ராசிக்காலு ஆவப்போவுது" என்றாள். எனக்கு வயிறு எரிந்தது. குழந்தை எப்படியாவது திரும்பிவிட வேண்டும் என்று தெரிந்த சாமிகளையெல்லாம் வேண்டிக்கொண்டேன்.

வெளியிலிருந்தே கையால் திருப்பிப் பார்க்கலாம், முடியாவிட்டால் ஆபரேஷன் என்றார் செங்கல்பட்டு டாக்டரம்மா. அம்மா என் கையை விடாததால் என்னையும் உள்ளே விட்டார்கள்.

ஊசி போட்டு, வயிற்றில் ஏதோ வழவழப்பாகத் தடவினார்கள். டாக்டரம்மா ஒரு கையால் குழந்தையின் இடுப்பை ஏந்தி, மறு கையால் தலையைத் தள்ளினார். "இறுக்காதீங்கம்மா, மூச்ச விடுங்க." அம்மா என் விரல்களை நசுக்கினாள். வயிறு ஒரு பக்கமாகக் கோணி மேடானது; வழுக்கிப் பழைய இடத்துக்கே போனது. டாக்டரம்மா நெற்றி வேர்வையைத் தோளில் துடைத்துக்கொண்டு மீண்டும் கை வைத்தார். இந்த முறை அந்த மேடு மெல்ல மெல்ல வயிற்றின் குறுக்கே நகர்ந்தது. உள்ளே ஓர் ஆள் இருக்கிறது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. கருவியில் குழந்தையின் இதயம் தடதடவென்று கேட்டது.

"தலை கீழ வந்துடுச்சு. துடிப்பும் நல்லா இருக்கு."

போட்டி ஒழிந்த சந்தோஷம்கூட மறந்துபோய் நின்றேன். "நான் பொறக்கச்சொல்ல என்னை ஏம்மா யாரும் இப்டி திருப்பல?"

அம்மா மெல்ல எழுந்து உட்கார்ந்தாள். என்னைக் கட்டிலில் ஏற்றி உட்காரவைத்து, என் இரண்டு பாதங்களையும் கைகளில் பொத்திக்கொண்டு விம்மி விம்மி அழுதாள்.

கால்கள் வந்த பிறகும் என் தலை வராமல் அம்மா செத்துப் பிழைத்த கதையை, அத்தை எனக்குச் சொன்னது என் கல்யாணத்துக்குப் பிறகுதான். அன்று எனக்கு அது தெரியாது. பாவம், வலி தாங்காமல்தான் என் ராசிக்கால்களைப் பிடிக்கிறாள் என்று நினைத்தேன். வயிற்றில் படாமல், அவள் உள்ளங்கையில் மெதுவாக மூன்று முறை உதைத்தேன்.