காலி இடத்துக்கு வாடகை

செவ்வாய்க்கிழமை காலையில் ராஜமேரி தண்ணீர் குடிப்பதில்லை. குடித்தால் நடுவில் எழுந்து போக வேண்டிவரும். எழுந்து போனால் மீட்டர் ஓடும். அதனால் விடிந்ததும் சோறும் குழம்பும் வைத்து மூடிவிட்டு, கோழிகளைக் கூடைபோட்டுக் கவிழ்த்துவிட்டு, கைப்பேசியின் வாயை அடைத்துவிட்டு, வாரம் முழுக்கச் சேர்ந்த பில்களைத் தேதிவாரியாக அடுக்குவாள். கூட்ட வேண்டியதை எல்லாம் கால்குலேட்டரில் கூட்டி ஓரத்தில் பென்சிலால் எழுதிக்கொள்வாள். தையல் மிஷினை உள்ளே மடக்கிய மேஜைதான் அவளுக்கு ஆபீஸ். அதன்மேல் மடிக்கணினியைத் திறந்து, சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, ஸ்டார்ட் பொத்தானை அமுக்குவாள். அந்தப் பக்கம் மிஷின் கண்விழிக்கக் கொஞ்ச நேரம் பிடிக்கும். அந்த நேரத்தின்மேலும் அவளுக்குக் கோபம் உண்டு. "எந்திரிச்சு மொகம் கழுவறதுக்கே காசு வாங்கறானுங்க" என்பாள்.

இனி வேலை முடியும்வரை அவளிடம் யாரும் பேச முடியாது. பக்கத்து வீட்டுக் குள்ளம்மாள் உறைமோர் கேட்டு வந்தால் சன்னலோரம் நின்று டம்ளரை ஆட்டிக் காட்டுவாள். ராஜமேரி திரையிலிருந்து கண்ணெடுக்காமல் மோவாயால் அடுப்படியைக் காட்டுவாள். ஒருநாள் அதே குள்ளம்மாள் டம்ளர் இல்லாமல் வந்து இரண்டு கைகளையும் வீசி வீசி என்னவோ சொல்லப் பார்த்தாள். ராஜமேரி உள்ளங்கையை நீட்டி நிறுத்திவிட்டாள். வேலையை முடித்து வெளியே வந்து பார்த்தபோது அவரைப் பந்தலில் பாதி ஆட்டின் வயிற்றுக்குள் போயிருந்தது. "அவரை மறுபடி தழைஞ்சுக்கும்ங்க. மீட்டர் ஓடுனா மாசக் கடைசியில பில்லா வந்து நிக்கும்" என்று ஆட்டை மன்னித்தாள்.

மிஷின் என்று அவள் சொல்வது மேஜைமேல் இருக்கும் மடிக்கணினியை அல்ல. இது வெறும் சன்னல். உண்மையான மிஷின் மும்பையிலோ ஐதராபாத்திலோ ஏதோ ஒரு கட்டடத்தில் இருக்கிறது. எந்தக் கட்டடம் என்று அவளுக்கும் தெரியாது, வாடகை கட்டுகிற முதலாளிக்கும் தெரியாது. முதலாளி குப்புராஜுக்குக் கடத்தூர் போகும் சாலையில் மாங்கூழ் ஃபேக்டரி. மே மாதம் தொடங்கி ஆடி வரைக்கும் லாரி லாரியாக மாங்காய் வந்து இறங்கும். பிறகு கூழ் நிரம்பிய டிரம்கள் மட்டும் வருசம் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் கிளம்பிப் போகும். லாரியோடு எடைபோடும் எடைமேடை அறையில் இருந்த பழைய கணினி தூசியிலும் கரண்ட் கட்டிலும் செத்துப் போனதிலிருந்து எல்லாக் கணக்கும் க்ளவுடில்தான். மிஷினுக்கும் அதன் டிஸ்க்குக்கும் பெயர் வைக்கச் சொல்லித் திரை கேட்டபோது, ராஜமேரி யோசிக்கவே இல்லை. மிஷினுக்குச் செந்தூரா, டிஸ்க்குக்குப் பெங்களூரா. இரண்டும் மாங்காய்தான்.

இந்த வாடகைக் கணக்கை அவள் ரேஷன் கடை வரிசையில் விளக்கியிருக்கிறாள், தர்மபுரி பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த கன்னியாஸ்திரீக்கும் விளக்கியிருக்கிறாள். "மிஷினு ஓடுற நேரத்துக்குத்தாங்க வாடகை. விண்டோஸ் போட்டு ரெடியா ஒரு அச்சு வெச்சிருப்பாங்க, இமேஜுன்னு பேரு. அதுலேருந்து மிஷினை எடுத்தா லைசென்ஸ் காசு தனி. காருக்கு வாடகை, ட்ரைவருக்குப் பேட்டா, அந்த மாதிரி. ரெண்டும் ஓடுனாத்தான். ஆனா டிஸ்க்கு அப்படி இல்லீங்க. நீங்க தொட்டாலும் தொடலன்னாலும் அதுக்கு மாசாமாசம் குடுத்துத்தான் ஆவணும்." கன்னியாஸ்திரீ பாலக்கோடு வரைக்கும் தலையாட்டிக்கொண்டே வந்ததாகக் கேள்வி.

சிக்கனம் அவளுக்குப் பிறவியில் வந்த குணம் இல்லை. பண்டிகைக்குச் சேலை எடுக்கப் போனால் கையை வீசிச் செலவு செய்கிறவள்தான். இந்த மிஷின் விஷயத்தில் மட்டும் அவள் கை இறுகிப்போனதற்குக் காரணம் உண்டு. க்ளவுடு வருவதற்கு முன்னால் ஃபேக்டரியில் அவளுக்கு மாங்காய் இருக்கும்வரைதான் வேலை. மற்ற மாதங்களில் ஓசூர் கம்பெனி வேனில் போய்க்கொண்டிருந்தாள். கோழி கூவும் முன்னால் வேன் வந்து நிற்கும். திரும்பி வரும்போது வீட்டுக்காரன் அருள்சாமி தக்காளிக் காட்டில் உழைத்த அலுப்பில் தூங்கிப்போயிருப்பான். அவள் மூடிவைத்துப் போன சோற்றை அவன் தின்பான், அவன் மூடிவைத்த சோற்றை அவள் தின்பாள். ஒரே வீட்டில் அதுதான் பேச்சுவார்த்தை. "அந்தாளு மொகத்தை ஞாயித்துக்கெழம பூசையிலதாங்க பாப்பேன். அதுவும் அந்தப் பக்கம், ஆம்பளைங்க வரிசையில" என்று சொல்லிச் சிரிப்பாள். அந்தச் சிரிப்பு பாதியிலேயே நின்றுபோகும்.

க்ளவுடு வந்தபிறகு டிரம் பில்லும், வரிக் கணக்கும், தோட்டக்காரர்களுக்குப் பட்டுவாடாவும் வீட்டிலிருந்தே செய்யலாம் என்றாயிற்று. வருசம் முழுக்கச் சம்பளம். செவ்வாயும் வெள்ளியும் மட்டும் மிஷினைத் திறப்பது அவளாகப் போட்டுக்கொண்ட சட்டம். பில் ஏறினால் முதலாளி மூடச் சொல்லிவிடுவார், மூடினால் வேன் வந்து நிற்கும். இதுதான் அவளுடைய பயம். வேறு எதற்கும் அவள் பயந்து யாரும் பார்த்ததில்லை.

முதல் வருசம் பெரிய கூத்தே நடந்தது. வேலை முடிந்த ஒவ்வொரு தடவையும், வீட்டுக் கணினியை அணைப்பதுபோல, விண்டோஸுக்குள்ளேயே போய் 'ஷட் டவுன்' கொடுத்துவிட்டு நிம்மதியாக இருந்துவிட்டாள். இந்த க்ளவுடு நிறுவனத்தின் மிஷினை அப்படி அணைத்தால் அது தூங்குமே தவிர, வாடகை தூங்காது. வெளியே நிறுவனத்தின் பக்கத்துக்கு வந்து தனியாக நிறுத்தி, விடுவிக்க வேண்டும். கிறிஸ்துமஸ் வரைக்கும் யாரும் கவனிக்காமல் மீட்டர் ஓடியது. "ஆட்டோவுல இருந்து நான் எறங்கிட்டேங்க. போவச் சொல்லல. அது வாசல்லயே வெயிட்டிங்ல நின்னுட்டு இருந்திருக்குது" என்பாள். குப்புராஜ் கத்துகிற மனிதர் இல்லை. அந்தப் பில்லை மேஜைமேல் அவளைப் பார்க்கத் திருப்பி வைத்தார், அவ்வளவுதான். அன்றிலிருந்து மிஷினை நிறுத்தும்போதெல்லாம் 'விடுவிக்கப்பட்டது' என்று திரை சொல்வதைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்கிறாள். அவள் படங்களில் தங்கச்சி மகள் ஞானஸ்நானத்துக்கு முன்னும் பின்னும் அதே திரைதான்.

இந்த வருசம் பொங்கல் கழிந்ததும் குப்புராஜ் கூப்பிட்டனுப்பினார். அவருடைய அக்கா மகன் சந்திரமோகன் பெங்களூரில் கணினி வேலையில் இருப்பவன், லீவுக்கு வந்திருந்தான். பில் அவன் கையில் இருந்தது.

"ஏம்மா, ஃபேக்டரியே தூங்குது. இது மட்டும் என்னா இப்பிடித் தின்னுது?" என்றார் குப்புராஜ்.

"ஓடுறது வாரத்துக்கு ரெண்டு நாளுதாங்கண்ணா. ஓட்டம் கம்மிதான், பாருங்க" என்று ராஜமேரி விரலால் வரியைத் தொட்டுக் காட்டினாள்.

சந்திரமோகன் முதலில் லைசென்ஸ் காசு இல்லாத இலவச இமேஜுக்கு மாறலாமா என்று பார்த்தான். எடைமேடை மென்பொருள் விண்டோஸில் மட்டும்தான் ஓடும் என்றதும் அதை விட்டுவிட்டான். பிறகு அடுத்த வரிக்குப் போய், "அக்கா, டிஸ்க்கு ஏன் இவ்ளோ பெருசு?" என்று கேட்டான்.

க்ளவுடு அமைத்துக் கொடுத்த ஆள் பின்னால் உதவுமே என்று இருப்பதிலேயே பெரியதும் வேகமானதுமாகப் பார்த்துப் போட்டுவிட்டு, குவைத்துக்கு வேலைக்குப் போய்விட்டான். கணக்கு முழுக்க அதில் ஒரு மூலையில் கிடந்தது. நிரப்பிய இடத்துக்கு அல்ல, கேட்டு வாங்கிய இடத்துக்குத்தான் வாடகை என்று சந்திரமோகன் பொறுமையாகச் சொன்னான். வாங்கியதைச் சுருக்கவும் முடியாது, சின்னதாக வேறொன்று வாங்கி எல்லாவற்றையும் அதற்கு மாற்றிவிட்டுப் பழையதை அழிக்க வேண்டும்.

"இத்தனை வருசமா காலி எடத்துக்கா வாடகை குடுத்திட்டிருந்தோம்?" என்றாள் ராஜமேரி. நிமிசத்தை மிச்சம்பிடிக்கத் தொண்டை வறண்டு உட்கார்ந்திருந்தவளுக்கு அது கன்னத்தில் அறை வாங்கினதுபோல இருந்தது. அவமானமாக இருந்தது என்று அவளே சொல்கிறாள்.

குப்புராஜ் தன்மையாகத்தான் பேசினார். "சரிம்மா, மாத்திப் பாரு. பில்லு பாதியா எறங்குனா ஓடட்டும். இல்லன்னா மூடிருவோம், டிரம் கணக்கை ஆடிட்டர் பாத்துக்குவாரு. நீ மே மாசத்துல வந்தா போதும்." திட்டியிருந்தால் திருப்பி நாலு வார்த்தை பேசியிருப்பாள். தன்மையாகச் சொன்னதால் பில்லை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

சந்திரமோகன் பெங்களூரிலிருந்து போனில் சொல்லச் சொல்ல, அவள் சின்ன டிஸ்க் ஒன்றை வாங்கினாள். நீலம் என்று பெயர் வைத்தாள், அதுவும் சின்ன மாங்காய்தானே. கணக்கும் எடைமேடை மென்பொருளும் அதற்குப் போய்ச் சேர்ந்தன. தோட்டக்காரர் ஒவ்வொருவருடைய பெயரையும் திறந்து பார்த்தாள். எல்லாம் சரியாக இருந்தது. ஒன்றே ஒன்றைத்தான் பார்க்க முடியவில்லை. எடைமேடையைப் பழுதுபார்க்கக் கழற்றிப் போட்டிருந்தார்கள், ஏப்ரல் கடைசியில்தான் திரும்ப வரும். லாரி ஏறி நின்றால் புது டிஸ்க்கில் எடை விழுமா என்பது அப்போதுதான் தெரியும். விழாவிட்டால் சாலை நீளத்துக்கு லாரி நிற்கும், மாங்காய் அழுகும். குவைத்துக்காரன் போனை எடுப்பதில்லை.

"மே மாசம் வரைக்கும் பழசும் ஒரு ஓரமா இருக்கட்டுங்கண்ணா. இல்லன்னா அதுக்கு ஒரு காப்பியாச்சும்" என்று குப்புராஜிடம் கேட்டுப் பார்த்தாள்.

"கொறைக்கச் சொன்னா நீ கூட்டறியேம்மா. காப்பியும் வேணாம், கீப்பியும் வேணாம். உனக்கு எதுமேல நம்பிக்கையோ அதை வெய்யி, இன்னொண்ணை எடுத்துரு" என்று அவர் போனை வைத்துவிட்டார்.

அதற்குப் பிறகு ராஜமேரி பழையதை அழிப்பதைத் தள்ளிப்போடத் தொடங்கினாள். முதல் செவ்வாய் அஷ்டமி என்றாள். மாதா கோயிலுக்குப் போகிறவள் என்றைக்கு அஷ்டமி பார்த்தாள் என்று குள்ளம்மாளுக்கே ஆச்சரியம். அடுத்த செவ்வாய் தலைவலி. அதற்கடுத்தது, தவக்காலம் பிறக்கட்டும் என்றாள். இரண்டு டிஸ்க்குக்கும் சேர்த்து வாடகை ஏறிக்கொண்டிருந்தது. "அக்கா, டெலிட் பண்ணாம பில்லு எறங்காது" என்று சந்திரமோகன் செய்தி அனுப்பினான். அவள் கட்டைவிரல் படம் ஒன்றைப் பதிலாக அனுப்பிவிட்டுச் சும்மா இருந்தாள்.

தவக்காலமும் பிறந்துவிட்டது. புது மாசப் பில் தொடங்கும் நாளுக்கு முந்தின செவ்வாய்க்கிழமை, வெயில் ஏறின நேரம். அருள்சாமி வீட்டுக்குப் பின்னால் தக்காளிக்கு மடை திருப்பிக்கொண்டிருந்தான். உள்ளேயிருந்து, "ஏங்க, இங்க கொஞ்சம் வாங்க" என்று குரல் வந்தது. செவ்வாய்க்கிழமையில் அவள் கூப்பிட்டு அவன் கேட்டதில்லை. மண்வெட்டியைப் போட்டுவிட்டு, கையைக்கூடக் கழுவாமல் வந்து நின்றான்.

திரையில் பெங்களூராவின் வரியைத் தேர்ந்தெடுத்திருந்தாள். அழிப்பது உறுதி என்றால் அதன் பெயரை எழுத்து எழுத்தாகத் தட்டச் சொல்லிக் கேட்டிருந்தது. தட்டி முடித்திருந்தாள். பொத்தான் சிவப்பாகி, அமுக்கக் காத்திருந்தது.

"போனா திரும்பி வராதா?" என்று கேட்டான் அருள்சாமி.

"வராதுங்க."

"மே மாசத்துல எடை உழுவலன்னா?"

"எம்மேலதான் வரும். அமுத்தலன்னா நாளைக்கே வேனுக்குச் சொல்லி வெக்கணும்."

அருள்சாமி திரையைப் பார்த்தான். அதில் அவனுக்குப் புரிகிற மாதிரி எதுவும் இல்லை. "எடை உழுவலன்னா நான் வந்து கூடை கூடையாத் தராசுல நிறுத்துக் குடுக்கறேன். அமுத்து" என்றான்.

லாரி மாங்காயைக் கூடையில் நிறுப்பதாவது. ராஜமேரிக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. இடது கையால் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள், வலது கையால் அமுக்கினாள். வரி மங்கியது. கொஞ்ச நேரம் அப்படியே மங்கலாகக் கிடந்தது. பிறகு இல்லாமல் போனது, கீழே இருந்த நீலம் அந்த இடத்துக்கு ஏறிக்கொண்டது.

"சேறு, மேரி" என்று அருள்சாமி கையை இழுத்தான். அவள் விடவில்லை.