மூத்திரம் பெய்யாத கணினி

எனக்குப் பொறுமை கொஞ்சம்தான். அதில் பாதியைக் கொழும்புக் கடைக்காரர் தின்றார், மீதியை என் கணவர் தின்றார்.

இன்னும் கட்டாத வீடுகளைக் கணினியில் கட்டிக் காட்டுவது என் தொழில். சுவர், சன்னல், மாடிப்படி எல்லாவற்றையும் ஏறி இறங்கிப் பார்க்கிற மாதிரிப் படமாக்கிக் கொடுப்பேன். அதற்காக ஐந்து வருடம் ஞாயிறு பஸ்ஸில் கொழும்பு, வெள்ளி பஸ்ஸில் கடற்கரையில் உள்ள எங்கள் ஊர் கீரி. நான் வீட்டுக்குள் கால் வைக்கும் நேரம் கணவர் கடலுக்கு வெளிக்கிடுவார். பெரும்பாலும் போனில்தான் குடும்பம் நடத்தினோம். அந்த பஸ்ஸை மனதார வெறுத்தேன். அப்போதுதான் கனடாவில் ஒருவர் சோதனைக்கு ஒரு நிமிடப் படம் கேட்டார். பிடித்தால் வீட்டிலிருந்தே வேலை. பிடிக்காவிட்டால் பழையபடி பஸ்.

அந்தப் படத்துக்கு வலுவான கணினி வேண்டும். பாகம் பாகமாக வாங்கி நானே பூட்டுவதென்று முடிவு செய்தேன். வெளிப்பெட்டியான கேசிங்கில்தான் கடைக்காரரோடு கொழுவல். அவர் முன்பக்கம் முழுவதும் கம்பிவலை, உள்ளே ஏழு காற்றாடி உள்ள ஒன்றைத் தூக்கி வைத்து, "காத்து நல்லா வரும் மிஸ்" என்றார்.

கீரியில் காற்றுக்கு என்ன பஞ்சம்! எங்கள் காற்று உப்பையும் மணலையும் கூட்டிக்கொண்டுதான் வரும். பிரிட்ஜ் கதவின் பிணைச்சலை இரண்டே வருடத்தில் தின்றது. ஆகவே கண்ணாடிக் கதவு வைத்த கேசிங்கை எடுத்தேன். காற்று நுழையும் இடமெல்லாம் கழுவிப் போடக்கூடிய வடிகட்டி. உள்ளே இழுக்கும் காற்றாடி அதிகம், வெளியே தள்ளுவது குறைவு, அப்போதுதான் இடுக்குகளால் தூசி வராது. ஆகச் சூடாகும் புரொசசருக்குத் தண்ணீர்க் குளிர்ச்சி. சூட்டை வாங்கிய தண்ணீர் குழாய் வழியே மேலே உள்ள ரேடியேட்டருக்குப் போய், ஆறி, திரும்பி வரும்.

இதையெல்லாம் படம் கீறி விளக்கினேன். கணவர் முழுவதையும் கேட்டுவிட்டு, "மீன் வைக்கிற ரெஜிபோம் பெட்டியில வைப்பம். ஐஸ் நான் கொண்டு வாறன்" என்றார். பகிடியாகச் சொல்லவில்லை.

வலை வைக்கிற அறையைக் கூட்டிக் கழுவி, கணினியைப் பூட்டி முடித்தேன். வடிவாக ஓடியது. கணவர் மட்டும் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"தண்ணி எங்கால வெளிய வருது?"

"வராது. உள்ளுக்கயே சுத்தும்."

"அப்ப வேலை செய்யேல்ல."

அவரைக் குற்றம் சொல்லவும் முடியாது. படகின் எஞ்சின் கடல்நீரை இழுத்துத் தன்னைக் குளிர்த்திக்கொண்டு, பக்கத்தில் உள்ள சின்னத் துளையால் அதைப் பீச்சும். எங்கள் ஆட்கள் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை திரும்பி, எஞ்சின் மூத்திரம் பெய்கிறதா என்று பார்ப்பார்கள். நின்றால் அந்தக் கணமே எஞ்சினை நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் நடுக்கடலில் எஞ்சின் எரிந்துபோகும். என் கணினி பெய்யவில்லை. அவருடைய தொழில் கூட்டாளியும் வந்து குனிந்து பார்த்துவிட்டு, செத்த வீட்டுக்கு வந்தவர்போலத் தலையாட்டிவிட்டுப் போனார். ஒத்திகை ஓட்டங்களில் இரண்டு தரம் கணவர் பிளக்கைக் கழற்றினார். இரண்டு தரமும் என்னைக் காப்பாற்றிய திருப்தி அவர் முகத்தில்.

கெடு ஞாயிறு பின்னேரம் ஆறு மணி. அந்த ஒரு நிமிடப் படத்தை உருவாக்கி முடிக்கக் கணினி ஒன்பது மணித்தியாலம் ஓட வேண்டும். அதே ஞாயிறு காலை அக்காவின் மகளுக்கு மாதா கோவிலில் முதல்நன்மைச் சடங்கு. நான் ஞானத்தாய், போகாமல் தப்ப முடியாது. கணவர் விருந்தை விட்டுவிட்டு, கணினிக்குக் காவல் இருப்பேன் என்று அடம்பிடித்தார். மூன்றாம் தரமும் பிளக்கைக் கழற்றிவிடுவார்.

சனிக்கிழமை மீன்தொட்டி மோட்டார் ஒன்று வாங்கினேன். மேசைக்குக் கீழே ஒரு பேசினில் தண்ணீர் நிரப்பி, மோட்டாரை அதில் போட்டு, குழாயைக் கேசிங்கின் பின்னால் கொண்டுபோய்ப் பக்கவாட்டில் தலைகாட்டவிட்டேன். நூல் மாதிரித் தண்ணீர் பேசினுக்குள் விழுந்தது. கணினிக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

கணவர் பார்த்தார். முகம் மலர்ந்தது. "இதைத்தானே நான் முதல்லயே சொன்னனான்!"

காலை ஆறு மணிக்குக் கணினியை ஓடவிட்டு, நிம்மதியாகக் கோவிலுக்குப் போனேன். ஒரு மணிக்குத் திரும்பினேன். அறையில் சத்தமே இல்லை. திரை கறுப்பு. அவர் கணினிக்கு முன்னால் கதிரையில் நிமிர்ந்து இருந்தார்.

"நல்லகாலம் நான் இருந்தனான். பதினொரு மணிக்குத் தண்ணி நிண்டுட்டுது. உடன நிப்பாட்டிட்டன்."

குழாயில் வலை நைலோன் துண்டொன்று சிக்கியிருந்தது. என் பொய் அடைத்துக்கொண்டது, அவர் நல்ல கடலோடியாக எஞ்சினை நிறுத்தியிருந்தார். படம் படமாகச் சேமித்தபடியால் ஐந்து மணித்தியால வேலை தப்பியது. இன்னும் நான்கு வேண்டும். ஒவ்வொரு நிமிடமும் கழுத்தில் கத்தி. உண்மையைக் கத்திச் சொல்ல வாயைத் திறந்தேன்.

அவர் முந்திக்கொண்டார். "காலமையில இருந்து கண்ணெடுக்கேல்ல. தேத்தண்ணி குடிக்கக்கூட எழும்பேல்ல. இது எரிஞ்சா நீ திரும்ப பஸ் ஏறிடுவாயெல்லோ."

வாயை மூடிக்கொண்டேன். அழுகை வந்தது, கோபத்தில் என்று காட்டிக்கொண்டேன். பிளக்கை எடுத்தேன். அவர் கையை மறித்தார்.

"தண்ணி வராமப் போடாத!"

ஆகவே விருந்துச் சேலையோடு நிலத்தில் குந்தி, ஒன்றுக்கும் உதவாத குழாயை ஊசியால் குத்தினேன். அவர் டோர்ச் பிடித்தார். அரை மணித்தியாலம் போய்விட்டது. தண்ணீர் பீச்சியது. "இப்ப போடு" என்றார்.

ஆறு மணிக்கு மூன்று நிமிடம் இருக்கப் படம் கனடாவுக்குப் போய்ச் சேர்ந்தது. வேலை கிடைத்தது. இரண்டு வருடமாக பஸ் ஏறவில்லை. உண்மையை இன்னும் சொல்லவில்லை, சனிக்கிழமைதோறும் பேசின் தண்ணீரை நான்தான் மாற்றுகிறேன்.

அலுமாரியில் மீன்தொட்டி மோட்டார் இரண்டு உபரியாக வைத்திருக்கிறேன். கணினிக்கு உபரியாக ஒரு காற்றாடிகூட இல்லை.